தெளிந்த குட்டை

பரமீசியம் ஓடும் என்பது வஜிஹா டீச்சருக்கு இருபத்தொன்பதாவது வயதில்தான் தெரிந்தது.

அதுவரை அது ஒரு படம். செருப்பின் அடிப்பாகம் மாதிரி ஒரு கோடு, அதைச் சுற்றிலும் பொடி மயிர், நடுவில் இரண்டு புள்ளி. கிருஷ்ணகிரியில் படித்த காலத்தில் கரும்பலகையைப் பார்த்து வரைந்தாள். ஆசிரியர் பயிற்சியில் மறுபடி வரைந்தாள். மூக்கண்டப்பள்ளி நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் டீச்சராக வந்து ஆறு வருஷம், அதையே பிள்ளைகளுக்கு வரைந்து காட்டினாள். பாகங்களைச் சரியாகக் குறித்தால் ஐந்து மார்க். அவள் கையால் வரைந்தால் அச்சடித்த மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஒன்றை அவள் கண்ணால் கண்டதில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் கண்டதில்லை.

அவளுடைய அத்தா கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் வேலை பார்த்தவர். கல்யாணம் ஆகி ஓசூருக்கு வந்தாள். கணவன் கௌஸ் மொய்தீன் ஒரு கம்பெனியில் டூல் ரூம் ஃபிட்டர். அப்போது ஓசூர் வளர்ந்துகொண்டே இருந்தது. நேற்று கேழ்வரகு நின்ற இடத்தில் இன்று காம்பவுண்டுச் சுவர் நிற்கும். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் மதுரை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற உள்ளூர்ப் பிள்ளைகள். வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால் இரண்டு பாஷையில் கிசுகிசுப்பு எழும், மூன்றாவதாகத் தமிழில் பதில் வரும்.

எண்பத்தாறில் மேலேயிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சுற்றுப்புறச் சூழலைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும், முடிந்தவரை பிள்ளைகளைப் பார்க்கவைத்து நடத்த வேண்டும் என்று போட்டிருந்தது. எதைப் பார்க்கவைப்பது என்று வஜிஹா யோசித்தபோதுதான் தலைமை ஆசிரியர் அறை பீரோவுக்குள் நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்த மரப்பெட்டி நினைவுக்கு வந்தது.

தலைமை ஆசிரியர் தங்கதுரை நாங்குநேரிப் பக்கத்துக்காரர். சாவிக்கொத்தை இடுப்பிலேயே வைத்திருப்பார்.

"டீச்சர், அந்த மைக்ராஸ்கோப்பு ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏறின சாமானாக்கும். கண்ணாடி ஒடைஞ்சா என்னையல்லா கேப்பாவ?"

"பெட்டிக்குள்ளயே இருந்தா பூஞ்சை பிடிச்சிடும் சார். அப்பவும் உங்களைத்தான் கேப்பாங்க."

அவர் இடுப்புக் கொத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

திறந்து பார்த்தால் அடியில் வெளிச்சம் வாங்கிக் கொடுக்கிற கண்ணாடி கழன்று தனியாகக் கிடந்தது. அதைப் பிடித்திருந்த கொக்கி முறிந்திருந்தது. வஜிஹா பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். கௌஸ் மொய்தீன் கழிவில் கிடந்த ஒரு பித்தளைத் துண்டை அராவி, இரண்டே நாளில் புதுக் கொக்கி செய்து மாட்டிவிட்டான். சனிக்கிழமை மத்தியானம் கொல்லைப்புறத்தில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து ஸ்டூலைப் போட்டு, பாசி பிடித்த ஏரித் தண்ணீர் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் குனிந்தாள்.

முதலில் ஒரே மங்கல். திருகைத் திருப்பத் திருப்ப, மங்கலுக்குள்ளிருந்து ஒரு வெளிச்ச வட்டம் திறந்தது. அதற்குள் என்னவோ குறுக்கே ஓடியது. அவள் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மறுபடி குனிந்தாள். செருப்பு. அதே செருப்பு. அவள் நூறு தடவை வரைந்த அதே செருப்பு உருண்டு புரண்டு ஓடியது, ஒரு பாசித் துணுக்கில் முட்டியது, பின்வாங்கியது, வேறு வழி பார்த்துப் போனது. அது ஓடும் என்று எந்தப் புத்தகமும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அவள்தான் மார்க்குக்காகப் படித்திருந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. சீக்கிரம் வாங்க."

கௌஸ் மொய்தீன் வந்து குனிந்தான். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

"பத்து மைக்ரான் தப்பினா நாங்க பீஸைத் தூக்கிப் போட்டுடுவோம். அதுக்கு எத்தனை மிஷின், எத்தனை கேஜ். இதுல ஒவ்வொரு மயிரும் தனித்தனியா ஆடுது. இதை எந்த மிஷின்ல செஞ்சிருக்கும்?"

"சுப்ஹானல்லாஹ்" என்று மட்டும் அவள் வாயில் வந்தது. அன்று சமையல் ஆகவில்லை. வெயில் சாயும்வரை இருவரும் மாறி மாறிக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை ஏழாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு முப்பது எண்ணும் நேரம். பார்த்துவிட்டு வந்தவர்கள் வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றுகொண்டார்கள். தங்கதுரை சார் ஸ்டாக் சாமானுக்குக் காவலாக வந்தவர், பிள்ளைகளை விலக்கித் தானும் குனிந்தார். "ஏ அப்பா" என்றார். முப்பது எண்ணி முடித்தும் அவர் விலகாததால் பிள்ளைகள் சிரித்தார்கள்.

பார்த்தவற்றுக்குப் பிள்ளைகளே பேர் வைத்தார்கள். தண்டு சுருங்கிச் சுருங்கி நீள்கிற ஒன்று ஸ்பிரிங் பூ. வாய்ப்பக்கம் இரண்டு சக்கரம் சுற்றுகிற மாதிரி தெரிந்தது கிரைண்டர். கண்ணுக்கே பொட்டாகத் தெரிந்து, தண்ணீரில் குதித்துக் குதித்துப் போனது துள்ளுப்பூச்சி. வஜிஹா அந்தப் பேர்களை அழிக்கவில்லை. ஒரு சார்ட்டில் அவற்றை எழுதிப் பக்கத்தில் புத்தகப் பேரையும் எழுதினாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் தண்ணீர்ப் பீரியட் ஆனது. ஹார்லிக்ஸ் பாட்டில், மை பாட்டில், எண்ணெய் சீசா என்று எதிலாவது பிள்ளைகள் தண்ணீர் கொண்டு வருவார்கள். எந்த இடம், எந்த நாள், யார் எடுத்தது என்று சீட்டு ஒட்ட வேண்டும். ஒரு சொட்டில் எத்தனை வகை உயிர் என்று எண்ணி சார்ட்டில் ஏற்ற வேண்டும். பெரிய ஏரி பதினொன்று. மாட்டுத் தொட்டி ஏழு. வயல் கிணறு ஐந்து. பச்சையாக, கலங்கலாக, முகம் சுளிக்கிற மாதிரி இருந்த தண்ணீரில்தான் கூட்டம் அதிகமாக இருந்தது. அதைக் குடிக்கக் கூடாது, ஆனால் அது செத்த தண்ணீர் இல்லை என்று வஜிஹா சொல்லிக்கொடுத்தாள்.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாந்தம்மா என்ற பெண் கொண்டுவந்த பாட்டிலில்தான் அந்தத் தண்ணீர் இருந்தது. ஊருக்குக் கீழ்ப்பக்கம் உள்ள குட்டைத் தண்ணீர். அவ்வளவு தெளிவாக எந்தப் பிள்ளையும் கொண்டு வந்ததில்லை. சொட்டை வைத்துப் பார்த்தாள் வஜிஹா. வெளிச்ச வட்டம் மட்டும் தெரிந்தது. தகட்டை நகர்த்தினாள். ஒன்றுமில்லை. வேறு சொட்டு, வேறு தகடு. ஒன்றுமில்லை. தன் கைதான் தவறு என்று நினைத்து, மறுநாள் தானே குட்டைக்குப் போனாள்.

கரையில் நின்றால் அடித்தரையில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. பாசி இல்லை. தவளை இல்லை. தட்டான் இல்லை. தண்ணீருக்கு மேலே ஒரு கொசு கூட இல்லை. மேட்டில் ஒரு ஷெட் இருந்தது, இரும்புச் சாமான்களை ஆசிட்டில் முக்கி முலாம் பூசுகிற சின்ன ஷெட். அதன் பின்சுவரிலிருந்து ஒரு குழாய் குட்டைக்கு இறங்கியிருந்தது. வஜிஹா பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டு வந்திருந்த நீல லிட்மஸ் தாளை நனைத்தாள். அது கையிலேயே சிவந்தது. பளிச்சென்று வெயில் அடித்த அந்தக் கரையில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஏரிச் சொட்டில் அவள் கண்டது எவ்வளவு பெரியதோ, இந்த ஒன்றுமில்லாததும் அவ்வளவு பெரியதாக அவளுக்குப் பட்டது.

அடுத்த வாரம் சாந்தம்மாவின் தாய் நாராயணம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். இடுப்பில் செருகிய முந்தானையும் கையில் மாட்டுக் கம்புமாக வகுப்பு வாசலில் நின்றாள்.

"ஏம்மா டீச்சரு, அந்தக் குட்டைத் தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குது. நீங்க அதைக் கெட்டதுன்னும் பாசித் தண்ணிய நல்லதுன்னும் சொல்லிக் குடுக்கறீங்களாமே? எம் பொண்ணு மாட்டைத் தண்ணிகாட்ட ஒரு மைல் தள்ளி ஏரிக்கு ஓட்டிக்கிட்டுப் போறா. படிக்க அனுப்பினா இதுதானா படிப்பு?"

வஜிஹா வாதாடவில்லை. "உள்ள வாங்கம்மா. செருப்போடவே வாங்க. இதுல ஒரு கண்ணை வச்சுப் பாருங்க. அப்புறம் திட்டுங்க."

தகட்டில் ஏரித் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு துள்ளுப்பூச்சி மாட்டிக்கொண்டிருந்தது. நாராயணம்மா கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். துள்ளுப்பூச்சியின் உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும்.

"என்னமோ அடிச்சுக்குது" என்றாள்.

"அதோட இதயம்."

நாராயணம்மா தன் நெஞ்சில் கை வைத்தாள். "குண்டெ..." என்று தெலுங்கில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "முதுகுல என்ன, முட்டையாட்டம் உருண்டையா?"

"குட்டிங்க. அது வயித்துப்பிள்ளைக்காரி."

வெளியே எங்கேயோ ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. திடீரென்று நாராயணம்மா "ஐயோ, ஐயோ" என்றாள். "வெளிய வருது! டீச்சரம்மா, பிரசவம் ஆவுது!"

வஜிஹா அவள் தோள்மேல் சாய்ந்து பார்த்தாள். தாயின் முதுகு திறந்திருந்தது. புள்ளியளவு ஒரு உயிர் வெளியே வந்து, ஒரு கணம் அசையாமல் நின்று, பிறகு தாயைப் போலவே துள்ளியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பிறந்த குட்டிக்குள்ளும் ஒரு துடிப்பு தெரிந்தது. அதற்கு முன் வஜிஹாவும் இதைப் பார்த்ததில்லை. பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அவர்களே பெஞ்சுகளைத் தாண்டி ஓடி வந்தார்கள். நாராயணம்மா தன் மகளைத்தான் முதலில் இழுத்துக் கண்ணாடியில் குனிய வைத்தாள்.

கூச்சல் அடங்கியபின் வஜிஹா குட்டைத் தண்ணீரை வைத்தாள். நாராயணம்மா பார்த்தாள். தகட்டை நகர்த்தச் சொன்னாள். இன்னும் நகர்த்தச் சொன்னாள்.

"யாருமே இல்லையே" என்றாள். 'எதுவும்' என்று அவள் சொல்லவில்லை.

பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டாள். "என் பசு ரெண்டு தடவை மாசம் நெறையாமலே கன்னு வீசிருச்சு டீச்சரம்மா. சாமிக் குத்தம்னு நெனச்சேன்."

"அதுக்கு இதுதான் காரணம்னு எனக்குச் சொல்லத் தெரியாதும்மா. இந்தத் தண்ணியில எதுவும் பிழைக்கலைன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"அது போதும்."

மறுநாள் காலை நாராயணம்மா பதினான்கு பெண்களோடு வந்தாள். வாசலில் கூட்டத்தைக் கண்டு தங்கதுரை சார் தகராறு என்று பயந்துபோனார். அவர்கள் வரிசையில் நின்று, ஆளுக்கு இரண்டு சொட்டுப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போனார்கள். அன்றிலிருந்து குட்டையில் ஒரு குடம் கூட இறங்கவில்லை.

ஆனால் குழாய் அப்படியே ஓடியது. மனு எழுதலாம் என்று வஜிஹா சொன்னபோது தங்கதுரை சார்தான் தடுத்தார்.

"மனுன்னு போனா நம்மளக் கேள்வி கேப்பாவ. தர்மபுரியில மாவட்ட அறிவியல் கண்காட்சி வருது. கண்காட்சின்னு போனா நம்மளப் பாராட்டுவாவ. சாமானை எடுத்து வையுங்க டீச்சர். ரெஜிஸ்டர்ல நான் எழுதிக்கிடுதேன்."

மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பாட்டிலோடும் சார்ட்டோடும் சாந்தம்மாவோடும் வஜிஹா தர்மபுரிக்குப் பஸ் ஏறினாள். கண்காட்சியில் சாந்தம்மா வந்தவர்களையெல்லாம் குனிய வைத்தாள். பெரிய அதிகாரி ஒருவர் ஏரிச் சொட்டைப் பார்த்துச் சிரித்தார். குட்டைச் சொட்டைப் பார்த்துவிட்டு, "இது எங்க இருக்கு?" என்று கேட்டார். சிறுமி தேதிவாரியாக எழுதிய சார்ட்டைக் காட்டினாள். எட்டு வாரம், எட்டுப் பூஜ்யம். அவர் தன் டைரியில் குறித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஆட்கள் வந்து அளந்தார்கள். ஷெட்டுக்காரர் முதலில் முறைத்தார், பிறகு சிமென்டுத் தொட்டி கட்டிச் சுண்ணாம்பு கலக்க ஒப்புக்கொண்டார். பங்குனிக்குள் குழாயை அடைத்தார்கள்.

குட்டை உடனே திருந்திவிடும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். திருந்தவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் யாராவது ஒரு பாட்டில் கொண்டு வந்தார்கள், வெள்ளிக்கிழமை தோறும் பூஜ்யம். சாந்தம்மா எட்டாவது முடித்து ஓசூர் ஹைஸ்கூலுக்குப் போனாள். அடுத்த வகுப்பு வந்தது, அதற்கடுத்த வகுப்பு வந்தது. "இதை நிறுத்திடலாமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டதற்கு, "இல்லாததையும் எழுதி வைக்கணும்" என்றாள் வஜிஹா. சில வாரம் அவளுக்கே கை சலித்தது.

தொண்ணூற்றொன்றில் ஐப்பசி மழை நாள்கணக்கில் கொட்டியது. மேட்டு நிலத்துச் செம்மண்ணெல்லாம் கரைந்து குட்டைக்குள் இறங்கியது. தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்த பாட்டிலில், ஐந்து வருஷத்தில் முதல்முறையாக, தண்ணீர் கலங்கலாக இருந்தது. வஜிஹா சொட்டை வைத்தாள். மண் துகள், மண் துகள், பிறகு ஒரு பச்சை இழை. இழைக்குள் ரிப்பன் சுற்றிவைத்த மாதிரி பச்சைச் சுருள். அவ்வளவுதான். வேறு எதுவும் அசையவில்லை. ஆனாலும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அதை யார் கொண்டு வந்து போட்டது? காற்றா, கொக்கின் காலா, மழையா? யாரும் கேட்காமல், யாரும் கூப்பிடாமல், அது வந்து ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்கியிருந்தது.

நாற்பது பிள்ளைகளும் அந்த ஒரு இழையைப் பார்த்தார்கள். சார்ட்டில் வஜிஹா 'ஒன்று' என்று எழுதினாள். பங்குனியில் அந்த எண் நாலானது.