பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம்

கப்பல் தானாகவே ஓடும். ஓர் அதிகாரி மட்டும் மேலறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கண் அயர்ந்துவிடக் கூடாது என்று பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் திரை குரல் கொடுக்கும்: ‘இருக்கிறீர்களா?’ அவர் பச்சைப் பட்டனைத் தொட வேண்டும். தொடாவிட்டால் சங்கு அலறும். அந்தப் பட்டனை வடிவமைத்தவன் நான்.

சென்னைக் கம்பெனி வேலை, நெய்வேலியில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். கப்பலில் ஏறியதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால், நான் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

கப்பலின் வெள்ளோட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிறு மதியம், அப்பாவை டேப்லெட் முன்னால் உட்காரவைத்தேன். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். நிலக்கரி போகும் பெல்ட்டின் அடியில் சிந்துவதை வாரிப் போடுகிற வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கே புரிந்தால் யாருக்கும் புரியும் என்பது என் நினைப்பு. சோதனைக்காக நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்கும்படி மாற்றியிருந்தேன்.

நான்கைந்து தரம் ஒழுங்காகத் தொட்டார். அப்புறம் அம்மாவிடம் ரேஷன் கடைக் கதை பேசத் தொடங்கினார். திரை கேட்பதற்கு முன்பே கை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியது. கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. சோதனைக்காகத் திரையின் ஓரத்தில் நான் விட்டிருந்த படகுப் படம் நகர்ந்து நடுவுக்கே வந்துவிட்டது.

“படகு வந்துச்சே, பாக்கலியாப்பா?”

“எந்தப் படகு? பச்சயா இருந்திச்சி, தொட்டுகினே இருந்தேன்.”

“முன்னாடி என்ன வருதுன்னு பாக்கணும்ப்பா.”

“அப்ப அத்தக் கேளுடா. இருக்கியான்னுதான கேக்குது? இருக்கேன்!”

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தபடியே சொன்னார்: “எங்க பெல்ட்டு ஓரமாவும் ஒரு கவுறு ஓடுது. ஆபத்துன்னா இழுக்கணும், பெல்ட்டு நின்னுடும். ஆனா கவுத்துமேல ஒரு கரிக்கட்டி வுழுந்தாகூட நின்னுடுது. மேஸ்திரிகிட்ட யாரு திட்டு வாங்கறது? பொடவத்துணிய கிழிச்சி, அசையாத மாதிரி கட்டிப்புட்டோம்.”

“யாராவது மாட்டிக்கினா?”

“இத்தினி நாளா ஒண்ணும் ஆவலியே.”

அன்று சாயங்காலமே திரையை மாற்றி வரைந்தேன். ‘இருக்கிறீர்களா?’ என்பதை எடுத்துவிட்டு, ‘ஜன்னலில் என்ன தெரிகிறது?’ என்று வைத்து அனுப்பினேன். டீம் லீட் மேடம் பதில் போட்டார்: டிசைன் ஓகே ஆகிவிட்டது, வெள்ளோட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்.

வெள்ளோட்ட நாளன்று அந்த அதிகாரி பட்டனைத் தொட்ட நேரமெல்லாம் என் லேப்டாப்பில் வரிசையாக வந்தது. முதலில், கேட்டுப் பத்து விநாடி கழித்துத் தொட்டார். பிறகு மூன்று விநாடி. வெயில் ஏறியபோது, கேட்பதற்கு முன்பே தொட்டார். அடுத்த தரமும் முன்பே. அதற்கடுத்ததும்.

மேடம் குரூப்பில் எழுதினார்: “எவ்வளவு அலர்ட்டா இருக்கார் பாருங்க!”

எனக்கு அந்தக் கை தெரியும். கப்பலோடு பேச ஒரு லைன் உண்டு. டிசைன் ஆட்கள் அதைத் தொடக் கூடாது. கூப்பிட்டுவிட்டேன்.

“சார், ஸ்கிரீனை விடுங்க. ஜன்னல் வழியா எதிர்ல என்ன தெரியுது?”

“யாரு தம்பி நீங்க? எல்லாம் பச்சையாத்தான இருக்கு…”

நாற்காலி நகரும் சத்தம். மறுபடி வந்தபோது அது வேறு ஆளின் குரல் போல இருந்தது.

“ஃபைபர் படகு. வலையைப் போட்டுட்டு நிக்கிறாங்க. ரெண்டு பேரு துண்டை ஆட்டுறாங்க. கப்பலை நானே கையில எடுத்து ஓட்டறேன், போனை வைங்க.”

கப்பல் விலகிப் போயிற்று. அறிக்கையில் ‘சம்பவம் ஏதுமில்லை’ என்று எழுதினார்கள். கேட்காமல் லைனில் பேசியதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, பட்டன் என்ன ஆகும் என்று கேட்டேன். “அதான் ஒண்ணும் ஆகலையே” என்றார் மேடம்.

மறுநாளும் கப்பல் ஓடியது. மதியம் அப்பா இரண்டாவது ஷிப்ட்டுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் துணிய இன்னைக்கே அவுத்துடுப்பா.”

“நீ மொதல்ல ஒன் பட்டன மாத்திட்டு வா. அப்பால எனக்குச் சொல்லு.”

சைக்கிள் தெரு முனையில் திரும்பியது. உள்ளே வந்து பார்த்தால், அதற்குள் லேப்டாப்பில் புதிதாக ஒரு வரி: அதிகாரி தொட்டிருக்கிறார், திரை கேட்பதற்கு இரண்டு விநாடி முன்பே.