ஜப்பான்காரர்கள் குதிக்கிறார்களா

தண்டவாளத்தில் வெள்ளம் ஏறி, நான் குர்லாவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்ச் செருப்பைத் தொலைத்த மழைக்குப் பிறகு, இன்றுதான் இப்படிப் பெய்கிறது. சுனாபட்டி ஸ்டேஷனில் ரயில் நின்றுவிட்டது. பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் ஒரு பெண் போனில் தமிழ் பேசுகிறாள். மடியில் கிதார், அதில் தோளில் மாட்டும் தோல் பெல்ட். எங்கள் பட்டறையிலும் அதைத்தான் தைக்கிறோம், ஜப்பானுக்குப் போகிறது. யார் மாட்டுகிறார்களோ, பார்த்ததில்லை. இன்று பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

“ஏம்மா, ஜப்பான்ல நல்ல ராக் கோஷ்டி எது?”

அவள் போனில் ஒன்றைக் காட்டுகிறாள். கிதார் மாட்டிப் பாடுகிறவன் நட்ட கம்பமாக நிற்கிறான்.

“இவனுக்குச் சணல் கயிறு போதும். வேற போடு.”

“அரே தாத்தா, பாட்டைக் கேளுங்க!”

“மணல் மூட்டையத் தொங்கவிட்டு உலுக்கிப் பாத்துதாம்மா பெல்ட்ட அனுப்புதோம். அதுக்கேத்த ஆளு வேணும்லா?”

வண்டி புறப்படுகிறது. நான் ஏறவில்லை, அவளும் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் சில கோஷ்டிகளைத் தள்ளிவிடுகிறேன். பிறகு போனில் மூன்று பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி கிதாரோடு எகிறிக் குதிக்கிறாள். பெல்ட் தாங்குகிறது. முழுப் பாட்டையும் கேட்கிறேன். மறுபடி போடச் சொல்கிறேன்.

“இப்ப திருப்தியா?”

“பாட்டும் நல்லாத்தான் இருக்கு தாயி.”

ஜப்பானில் உங்களுக்கு யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள்: அந்தப் பெண் இன்னும் உயரமாகக் குதிக்கலாம்.