குரோமோலி சைக்கிளும் இனயத்து வெல்டரும்

இன்று காலை என் சைக்கிளில் சீட்டுக்குக் கீழே குழாய் விரிசல் விட்டுவிட்டது. மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த லேசான வண்டி. முட்டுவலிக்காரன் நான்; வேறு எந்த வண்டியையும் வீட்டுப் படியில் தூக்கி ஏற்ற என்னால் முடியாது.

சைக்கிள் கடையில், "இது அலுமினியம் பாட்டா, ஒட்டாது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கும்" என்றார்கள்.

மனசு கேட்கவில்லை. இனயம் கடற்கரையில் படகு வேலை செய்யும் வெல்டர் ஜெரோமிடம் உருட்டிக்கொண்டு போனேன். அவன் ஒரு காந்தத்தை வைத்தான். கப்பென்று ஒட்டிக்கொண்டது.

"பாட்டா, இது இரும்பாக்கும். இவ்வளவு பெயிண்டு யாரு அடிச்சா?"

"நான்தான் மக்கா. உப்புக்காத்துல துரு பிடிக்காம இருக்க, வருஷாவருஷம் படகுக்கு அடிக்கிய பெயிண்டு."

"இனி கடல்ல இறக்க வேண்டியதுதான் பாக்கி" என்று சிரித்தபடி சுரண்டினான். அடியில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது, அவன்தான் வாசித்தான்.

"குரோமோலின்னு போட்டிருக்கு, இரும்புல ஒரு ரகம். பழைய வண்டி இரும்பைவிட பலம் கூடுதல், அதனால குழாய் மெல்லிசு. படகுத் தகட்டுக்கு வைக்கிய வெல்டிங்கை வச்சா ஓட்டை விழும். பித்தளை உருக்கி ஒட்டித் தாறேன், இரியும்."

கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு ஒட்டித் தந்தான். சாயங்காலம் ஓட்டிக்கொண்டே வீடு வந்தேன். நானே தூக்கிப் படியேற்றினேன். அவன் நல்லா இருக்கணும்.

அந்தக் காலத்துக் கனத்த வண்டிதான் வண்டி என்று பெருமை பேசுகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் அதைப் படியேற்றுவது நீங்களா, பெண்டாட்டியா?