டிரைவர் பிடிக்காத சிகரெட்

இரவெல்லாம் தொலைதூரப் பேருந்து ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்குத் தூக்கம்தான் சொத்து. ஜன்னலுக்கு அட்டை அடித்து, கதவிடுக்கில் பழைய துணியைச் செருகி, ஏசியைப் போட்டுக்கொண்டு படுப்பார் அந்த டிரைவர். தலைமாட்டுக்கு மேலே இருந்த ஏசி உள்பக்கமாகக் கசிந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "இதோ வந்துட்டேண்ணே" என்பான். அந்த 'இதோ' வருவதற்குள் சுவர் முழுக்க ஈரம் இறங்கிவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை என்று பீரோவை நகர்த்தி அதை மறைத்துவிட்டுப் படுத்தார் புண்ணியவான். அதோடு மறந்தும் போனார்.

இருமல் வந்தது அதற்குப் பிறகுதான். தூங்கி எழுந்தால் நெஞ்சு இறுகும், மூச்சு விசிலடிக்கும், கண் சிவந்து அரிக்கும். வேறு யாருக்காவது வந்திருந்தால் வீடே பதறியிருக்கும். இவரோ வருடக்கணக்கில் புகைத்துத் தள்ளிவிட்டு, மகள் பிறந்தபோது விட்டவர். அதனால் மனைவிக்குக் காரணம் தேடுகிற வேலையே இல்லாமல் போயிற்று.

"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்போ சும்மாவா இப்படி இருமுது?"

சட்டையை மோந்து பார்த்தாள், பையைக் குடைந்தாள். வண்டியில் ஏறினால் இருமலே இல்லை என்று சொல்லி, கிளீனரைச் சாட்சிக்கு இழுத்தார் இவர். "அவன் உங்க ஆளு, வேற என்ன சொல்லுவான்?" என்று அதையும் தள்ளிவிட்டாள். டாக்டர் "சிகரெட் உண்டா?" என்று கேட்டபோது, இவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் அவள் சிரித்த சிரிப்பில் மனிதர் கூனிக் குறுகிப்போனார். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார், கூடவே புத்திமதியும்.

சிகரெட் பிடிக்கிறவர் அறையில் பிள்ளை படுக்கக் கூடாது என்று அவள் மகளை அழைத்துக்கொண்டு ஹாலில் படுக்க ஆரம்பித்தாள். இரவு வண்டி, பகலில் இருமல், நடுவில் விசாரணை. மனிதர் எவ்வளவுதான் தாங்குவார்? ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆமா, ஒண்ணு ரெண்டு புடிக்கிறேன், போதுமா?" என்றார். அவள் ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மன்னித்தாள், வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். வீடு அமைதியானது. பிடிக்காத சிகரெட்டை அவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார். இருமல்தான் குறையவில்லை.

அப்போது அவளுடைய அக்கா வந்து தங்கினாள். ஹாலை அக்காவுக்கும் மகளுக்கும் விட்டுவிட்டு இவள் படுக்கையறைக்கு மாறினாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சிகரெட்டைக் கையால் தொட்டறியாதவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். எட்டிப் பார்த்த அக்கா மூக்கைப் பொத்தினாள்.

"என்னடி இது, ஈரத் துணிய மூட்ட கட்டி வெச்ச மாதிரி நாத்தம்?"

அக்காவும் தங்கையுமாகப் பீரோவை இழுத்தார்கள். ஏசியிலிருந்து தரைவரை கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது. பீரோவின் பின்பலகை ஊறி உப்பியிருந்தது.

காலையில் டிரைவர் வந்தபோது அவள் சுவரையே வெறித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவரும் பார்த்தார். கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"அப்போ நீங்க புடிக்கவே இல்லியா?"

"இல்ல."

"பின்ன ஏங்க புடிக்கிறேன்னு சொன்னீங்க?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"இல்லன்னு எத்தனையோ தடவ சொன்னேன், நீ நம்பல. ஆமான்னு ஒரே ஒரு தடவதான் சொன்னேன், உடனே நம்பிட்ட."