காம்புள்ள பூக்கள்

எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் மேடையில் வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு பித்தளைச் சாடிகள் இருந்தன. ஒரு சாண் உயரம், குறுகலான கழுத்து. சனிக்கிழமை மாலை அவற்றைப் புளி போட்டுத் துலக்கி, தண்ணீர் ஊற்றிப் பூ வைப்பது சபைக் குடியிருப்பில் இருந்த ஒன்பது வீடுகளின் முறை. யார் வீட்டு முறையோ அவர்கள் வீட்டுத் தோட்டத்துப் பூதான் அந்த ஞாயிறு மேடையில் இருக்கும். பூவின் காம்பு சாணுக்குக் குறைந்தால் தலை மட்டும் சாடிக்குள் மூழ்கிப் போய்விடும். அதனால் ஆம்பூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் குடியிருப்பில் ஒரு செடியை வைக்கலாமா வேண்டாமா என்று பேச்சு வந்தால், முதலில் கேட்பது நிறத்தையோ மணத்தையோ அல்ல. காம்பு எவ்வளவு நீளம் என்றுதான் கேட்பார்கள்.

இதில் இன்னொரு வசதியும் இருந்தது. எங்கள் சபைப் பெண்கள் தலையில் பூ வைக்கக் கூடாது. யார் எப்போது போட்ட கட்டளை என்று எனக்குத் தெரியாது. நான் பிறக்கும்போதே இருந்தது. மல்லிகை, முல்லை, கனகாம்பரம் எல்லாம் தொடுப்பதைத் தவிர வேறெதற்கும் ஆகாத பூக்கள். ஒரு வீட்டு வாசலில் மல்லிகைச் செடி இருக்கிறது என்றால் அந்த வீட்டில் யாரோ பூ வைக்க ஆசைப்படுகிறார்கள் என்று அர்த்தம். ஒரு வாத்தியார் வீட்டில் மனைவி ஊர்த் திருவிழாவுக்குப் பூ வைத்துக்கொண்டு போய் வந்த விஷயம் தெரிந்து, அடுத்த மாதமே அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனதைச் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். வேலையும் வீடும் ஒன்றாக வந்தவை, ஒன்றாகத்தான் போகும்.

என் அண்ணன் சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். குடியாத்தத்தில் சில வருஷம் வேலை பார்த்தபோது ஒரு நெசவுக் குடும்பத்துப் பெண்ணைப் பிடித்துப்போய், அவளும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு, கல்யாணம் நடந்தது. அவள் வீட்டார் அதோடு தலைமுழுகிவிட்டார்கள். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவள்தான் அண்ணி. என்னைவிட இரண்டே வயது மூத்தவள். எனக்கு அப்போது பதினெட்டு முடிந்து, வாத்தியார்ப் பயிற்சிக்குப் போகக் காத்திருந்தேன். பக்தியும் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. வேறு யாருக்கும் இல்லாத அளவுக்கு என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி வந்த மறுநாள் காலை தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். கல்வாழை, கோழிக்கொண்டை, துலுக்கச் சாமந்தி, கிணற்றோரம் நித்தியகல்யாணி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதுல எதைத் தொடுக்கறது?" என்று கேட்டாள். நான் அவளுக்குக் காம்பு சாஸ்திரத்தை விளக்கினேன். அவள் முகத்தைப் பார்க்காமல் விளக்கினேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. பிறந்ததிலிருந்து தினம் சாயங்காலம் தலை வாரிப் பூ வைத்துப் பழகியவள் அவள். முழம் போட்டுத்தான் அவளுக்குப் பூவைத் தெரியும்.

ஆனால் செடி வளர்க்க அவளுக்குக் கை வந்தது. எங்கள் குடியிருப்புக்கும் பாலாற்றுக்கும் நடுவில் தோல் பதனிடும் மண்டி இருந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். சபை பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாள் கொடுக்கும் சீமை விதைகள் தை மாதம் வரை அழகாக நின்று, பங்குனி வெயிலில் ஒரே வாரத்தில் சுருண்டுவிடும். அதற்காக ஒவ்வொரு வருஷமும் நாங்கள் வருத்தப்பட்டு, அடுத்த வருஷமும் அதையே விதைப்போம். அண்ணி அதை நிறுத்தினாள். "நம்ம தண்ணியக் குடிச்சுட்டு நம்ம வெயில்ல நிக்கற செடியா வெப்போம்" என்றாள். காசித்தும்பையை மழைக்காலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். மண்டியிலிருந்து தோலில் சுரண்டிய மயிரைக் கூடையில் வாங்கி வந்து எருவாகப் புதைத்தாள். சாமந்தி அந்த வருஷம் ஒவ்வொரு பூவும் கைப்பிடி அளவுக்குப் பூத்தது. தெரு நாய்கள் எல்லாம் எருவைத் தோண்ட வந்து சேர்ந்ததுதான் பேஜார். ஒரு மாதம் நான் கையில் குச்சியோடு காவல் இருந்தேன்.

அந்த வருஷமே கிணற்றுக்குப் பின்னால், வெயில் பாதி விழும் இடத்தில், ஒன்பது கனகாம்பரச் செடி வைத்தாள். யாரிடம் நாற்று வாங்கினாள் என்று சொல்லவில்லை. அது மணக்காத பூ, அதனால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருக்கலாம். ஒரு பூவைக்கூட அவள் பறித்து நான் பார்க்கவில்லை. பூத்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரம் துலக்குவாள், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை போதகர் சாடிக்குப் பூ எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். தமிழர், நல்ல மனுஷர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கிணற்றடியில் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துவிட்டு, "அது இன்னாம்மா?" என்றார். "வேலிக்கு வெச்சேங்க ஐயா" என்றாள் அண்ணி. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இல்லீங்க ஐயா, அது தொடுக்கற பூ" என்றேன்.

போதகர் "வேணாம்மா, எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணி அன்று சாயங்காலமே ஒன்பதையும் வேரோடு பிடுங்கி எருக்குழியில் போட்டாள். எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாள். உண்மையைச் சொன்னோம் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

அந்த இடம் சும்மா கிடக்க வேண்டாம் என்று அங்கே வாடாமல்லி விதைத்தோம், அவளும் நானும் சேர்ந்து. எங்கள் மண்ணுக்கு அதைவிடத் தோதான செடி கிடையாது. உப்புத் தண்ணீரைக் கேட்டுக் குடிக்கும். உச்சி வெயிலில் தலை தொங்காது. கத்தரிப்பூ நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பூத்து, சாணுக்கு மேல் காம்பு வரும். போதகர் பார்த்துவிட்டுச் சாடிக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது என்றார்.

ஆவணி மாதம் அண்ணியின் தம்பி குடியாத்தத்திலிருந்து வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றே பேசினான். அம்மாவுக்கு மூச்சிழுப்பு ஜாஸ்தியாகிவிட்டது, மகளைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "பெரியம்மா ஒண்ணு சொல்லி அனுப்பிச்சாங்க. புருஷன் இருக்கற பொண்ணு வெறுந்தலையோட வந்து, நோவுல படுத்திருக்கறவங்க முன்னாடி நிக்கக் கூடாதாம். அப்பிடி வர்றதா இருந்தா வாசப்படி ஏற வேணாம்னாங்க." அண்ணி அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். பூ வைத்துக்கொண்டு போ என்று சொல்ல அவனுக்கு ஆசை. வேலை போனால் எங்கே போய் நிற்பது என்ற பயமும் இருந்தது.

வழி கண்டுபிடித்தது நான்தான். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டிலருகே கண்ணாடிக் குவளையில் பூ வைத்திருப்பதைப் பார்த்திருந்தேன். பார்க்க வருகிறவர்கள் பூக்கொத்து கொண்டுவந்து கொடுப்பார்கள். "தலையில வெக்க வேணாம் அண்ணி, கையில கொண்டு போங்க. பூவோட வந்த மாதிரியும் இருக்கும், நம்ம சட்டமும் கெடாது" என்றேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே சந்தோஷம். தோட்டத்தில் அப்போது நன்றாக நின்றது வாடாமல்லி ஒன்றுதான். நீளக் காம்பாகப் பார்த்து இரண்டு கை நிறைய அறுத்து, வாழை நாரில் கட்டி, ஈரத்துணி சுற்றிக் கொடுத்தேன். அண்ணனுக்குப் பரீட்சை வேலை, லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன்.

ஆம்பூரில் ரயிலேறி, குடியாத்தம் ஸ்டேஷனில் இறங்கி, ஜட்கா வண்டியில் ஊருக்குள் போனோம். வாசலில் அந்தப் பெரியம்மா நின்றிருந்தாள். அண்ணியின் தலையைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த கொத்தைப் பார்த்தாள். "உசுரு இன்னும் இருக்குதுடி. அதுக்குள்ள பாடைக்குப் பூ கொண்டாந்துட்டியா?" என்றாள். அந்தப் பக்கத்தில் வாடாமல்லியைக் கட்டுக் கட்டாக அறுத்துக் கொண்டுவருவது சாவு வீட்டுக்குத்தானாம். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அண்ணிக்குத் தெரிந்திருக்கும். நான் அறுக்கும்போதே தெரிந்திருக்கும். ஒருவேளை நான் சொல்கிறபடி செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று அவளுக்குப் பழகிப்போயிருந்ததோ என்னவோ. அப்போதாவது நான் முன்னால் வந்து, இது என் யோசனை, அவள்மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் திரும்பி ஜட்காக்காரனுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.

உள்ளேயிருந்து இருமலோடு ஒரு குரல் கேட்டது. "யாரு, எம் பொண்ணா? உள்ள வுடு அக்கா." பெரியம்மா நகர்ந்தாள். தறிக்குழியை ஒட்டிக் கயிற்றுக் கட்டிலில் அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகளின் முகத்தைத் தடவினார். தலையைத் தடவினார். கை பின்னால் போய்ப் பின்னலைத் தடவிவிட்டு நின்றது. மகள் மடியில் கிடந்த கொத்தை எடுத்துப் பிரித்து, "நூல் எடு" என்றார். அண்ணி தறியிலிருந்து ஒரு பாவு நூல் எடுத்துக் கொடுத்தாள். நான் தொடுக்கிறேன் என்று அவள் சொன்னதற்குக் கையைத் தட்டிவிட்டார்.

மூச்சு வாங்கி வாங்கித் தொடுத்தார். நாலு பூவுக்கு ஒரு தடவை நிறுத்தி இருமுவார். தறியில் அறுந்த இழையை வாழ்நாளெல்லாம் முடிந்து பழகிய விரல்கள், முடிச்சு மட்டும் தப்பவில்லை. ஒரு தடவை என்னைப் பார்த்து, "காம்பு நல்லா நீட்டா இருக்குதும்மா. தொடுக்க லேசு" என்றார். அத்தனை வருஷமாக எங்கள் சபையில் யாருக்கும் தோன்றாத விஷயம் அது. ஒரு சாண் அளவு ஆனதும் மிச்சக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மகளைத் திரும்பி உட்காரச் சொல்லிப் பின்னலில் செருகினார். பிறகு வாசலைப் பார்த்து, "அக்கா, அவளுக்குச் சோறு போடு" என்றார். பெரியம்மா போட்டாள்.

திரும்பி வரும்போது ரயிலில் நான் அண்ணியிடம் கெஞ்சினேன். ஆம்பூர் வருவதற்குள் எடுத்துவிடுங்கள் என்றேன். "அம்மா வெச்சது. வாடட்டும், எடுத்துடறேன்" என்றாள். மற்ற எட்டு வீட்டையும் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அப்படியே நடந்தாள். அண்ணன் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "ஞாயித்துக்கெழமைக்குள்ள வாடிடுமா?" என்று என்னைக் கேட்டான். பாவம், அவனுக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் போதகர் அவளை நிறுத்தினார். அவள் நடந்ததைச் சொன்னாள். கடைசியில் ரயிலில் என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னாள், ஐயா என்ற ஒரு வார்த்தையை மட்டும் சேர்த்து. போதகர் என் பக்கம் திரும்பினார். நான் பொய் சொல்லமாட்டேன் என்று அவருக்கு நிச்சயம். அதை நானே கிணற்றடியில் நிரூபித்திருந்தேன். "வாடிச்சாம்மா?" என்று கேட்டார். நான் அருகில் போய் ஒவ்வொரு பூவாகப் பார்த்தேன். "வாடல ஐயா" என்றேன். "சரி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார். அடுத்த வாரமும் கேட்டார், நானும் அதையே சொன்னேன். நடுவில் அவர் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடுதாசி எழுதியிருந்தால் எங்கள் வீடு போயிருக்கும். எழுதவில்லை.

மூன்றாவது வாரம் புதன்கிழமை தம்பி மறுபடி வந்தான். இந்தத் தடவை வேப்பமரத்தடியில் நிற்காமல் நேரே உள்ளே வந்தான். அண்ணி அழுது முடித்து, தலைக்குப் பின்னால் கையை விட்டுச் சரத்தை எடுத்தாள். நிறம்கூட மாறவில்லை. விஷயம் கேள்விப்பட்டு வந்த போதகர் அவள் கையில் அதைப் பார்த்து, "இன்னும் வாடலையேம்மா" என்றார், இருக்கட்டும் என்கிற குரலில். "இதப் பாக்கறதுக்கு ஆசப்பட்டவங்க போய்ட்டாங்க ஐயா" என்றாள் அண்ணி.

அந்தக் கட்டளை எப்போது போனது என்றும் எனக்குத் தெரியாது. இப்போது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நுழைந்தால் மல்லிகை மணம்தான் முதலில் வருகிறது. புதுப் போதகரின் மனைவியே மூன்று முழம் வைக்கிறாள். நான்கூட வைத்திருக்கிறேன். அண்ணி மட்டும் வைக்கவே இல்லை. அண்ணன் இருந்த காலத்தில் ஒருநாள், எங்கள் வீட்டு மல்லிகையைத் தொடுத்து எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். "வேணும்னு இருந்தப்ப கெடைக்கல. இப்ப வேணும்னு தோணல. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, முறத்தில் இருந்த விதையைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. கனகாம்பரத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அண்ணன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இதை எழுதும்போது பக்கத்து அறையில் அவள் இருமுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய் மன்னிப்புக் கேட்க நாலு எட்டு வைத்தால் போதும். கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயமாக இருக்கிறது.