பீரோவுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச்

செட் ஆசாரி கட்டிய வீடுகளில் யாரும் குடியேறியதில்லை. படம் முடிந்ததும் அவரே பிரித்துப் போட்டுவிடுவார். ஆனாலும் ஒப்புக்கு எதையும் ஒட்டிவைப்பது அவருக்கு ஆகாது. அவர் வைத்த சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிந்தே தீரும். "நடிக்கிறவங்க பொய் சொல்லட்டும், என் சுவரு சொல்லாது" என்று எரிந்து விழுவார்.

இந்தப் படம் நிஜமாகவே கொலையான ஒரு பெண்ணின் கதை. கொன்றவன் இன்னும் பிடிபடவில்லை. அவளுடைய அறையை அவள் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுக் கட்டினார். சுவிட்ச் கதவோரம் இல்லை, பீரோவுக்குப் பின்னால், வெளியே தெரியாது என்றார் அந்த அம்மா. அங்கேயே வைத்தார்.

படப்பிடிப்பு பார்க்க அந்த அம்மாவும் வந்திருந்தார், அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் வந்திருந்தார். "அந்த வீட்டு வாசப்படியக்கூட நான் மிதிச்சதில்ல" என்று அன்று போலீசிடம் சொன்னதையே இன்று இயக்குநரிடமும் ஒப்பித்துக்கொண்டு, அவர் செட்டுக்குள் நுழைந்தார். அந்த நேரம் பார்த்து ஒத்திகைக்காகப் படப்பிடிப்பு விளக்குகளையெல்லாம் அணைத்தார்கள். கும்மிருட்டு.

"யாராவது லைட்டப் போடுங்கப்பா!" என்று கத்தினார் இயக்குநர்.

பளிச்சென்று அறை விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் கை தோள்வரை பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

அந்த அம்மா எழுந்தார்.

"சுவிட்ச் அங்க இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"