உள்பக்கம் பார்த்த புலிகள்

பேய், திருஷ்டி, காற்று, கருப்பு என்று எதையும் நம்பாமல் வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்தவள், குழந்தைக்குச் சுரம் என்றால் விபூதியைத் தேடாமல் தெர்மாமீட்டரைத் தேடுகிறவள். நீங்கள் என்னை வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாதே என்றுதான் இதை முதலில் சொல்கிறேன். நானே இதைப் பாதி நாள் நம்புவதில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், ஆடி மாதம். வலியசாலையில் எங்கள் வீடு, தெருவாசலில் நின்று பார்த்தால் கூடத்தைத் தாண்டிக் கொல்லைக் கதவு வரை நேராகத் தெரியும். என் மூத்தவளுக்கு அப்போது எட்டு மாதம். நான்கு நாளாகச் சுரம் இறங்கவில்லை, டாக்டர் கொடுத்த மருந்தைத் துப்பிவிட்டாள். அன்று காலையிலிருந்து அழுவதையும் நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஆபீசுக்குப் போயிருந்தார்.

பட்டு நாடாவும் காகிதப் பூவும் விற்கிற சீனக்காரி ஒருத்தி எங்கள் தெருவுக்கு எப்போதாவது வருவாள். அன்று மத்தியானம் மழைக்கு எங்கள் வாசலில் ஒதுங்கினாள். பல வருஷமாக நாகர்கோவிலுக்கும் இங்கேயுமாக நடந்து, எங்களைப் போலவே தமிழும் மலையாளமும் கலந்து பேசக் கற்றிருந்தாள்.

"குட்டிக்குப் பனியோ?" என்றாள். இந்த ஊரில் காய்ச்சலைப் பனி என்பார்கள். நான் தலையாட்டினேன்.

தான் சீனக்காரியே இல்லை, மலைக்காரி என்றாள். அவளுடைய ஜனங்களைச் சீனர்கள் துஜியா என்பார்களாம், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிற பேர் பிஸிக்காவாம். "எங்க மலையில கொச்சு பெறந்தா, தொட்டில் மேல போட அம்மா வீட்டுலேந்து துணி வரும். உனக்கு வந்நோ?"

"எனக்கு அம்மா இல்லை" என்றேன்.

அவள் மூட்டையின் அடியிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். நடுவில் வெறும் கருநீலம், மூன்று ஓரங்களில் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாக வரிசையாய்ச் சின்ன முகங்கள். எல்லாம் புலி.

"வெள்ளைப் புலி ரெண்டு உண்டு. ஒண்ணு வீட்டுல உக்காரும், அது எங்க பாட்டன், காவல் நிக்கும். மத்தது வாசல்ல கேறி, கூடம் கடந்து, கொல்லை வழியாப் போகும். போற போக்குல கொச்சையும் கொண்டுபோகும். இதுங்க மூஞ்சி வெளியே நோக்கட்டும், அது பயந்துக்கும்."

விலை கேட்டேன். விற்கக் கூடாது, பனி விட்டதும் திருப்பித் தா என்றாள். "உன் குழந்தைக்குப் போட்டதா?" என்றதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனாள். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தாத்து மாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "சீனாக்காரி துணியா கொழந்தைக்கு? இதுக்குத்தானாடி அத்தனை படிச்சே?" என்றாள்.

வெட்கமாகப் போய்விட்டது. துணியைப் போடாமலிருக்கவும் மனசு வரவில்லை. யாரும் ஒன்றும் கேட்காமலிருக்கட்டும் என்று திருப்பிப் போட்டேன். வெளியே நூல் தொங்கும் பழைய கம்பளம் மாதிரி இருந்தது. முகங்களெல்லாம் உள்ளே, குழந்தையைப் பார்த்துக்கொண்டு.

பிறகு கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டுத் தொட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தேன். மழை பெய்துகொண்டே இருந்தது, ஆனால் கூடத்துக்குள் சத்தம் கேட்கவில்லை. பகலா சாயங்காலமா என்று தெரியாத ஒரு வெளிச்சம். அப்போது தெருவாசல் வழியாக வெள்ளையாக ஒன்று வந்தது. யாருடைய பசுவோ என்றுதான் நினைத்தேன், அவ்வளவு நிதானமாக வந்தது. கோலமாவு மாதிரி வெள்ளை. மழையில் வந்தும் நனைந்திருக்கவில்லை. தொட்டிலைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு, தூணுக்கும் தொட்டிலுக்கும் நடுவே மெல்ல உட்கார்ந்தது. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. நான்கு நாளாக இல்லாத தூக்கம் வந்தது. பெற்றவள் எப்படித் தூங்கினேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அவர் வந்து எழுப்பினார். குழந்தைக்கு உடம்பெல்லாம் வியர்த்துச் சுரம் விட்டிருந்தது, பசித்து அழுதது. நடந்ததைச் சொன்னேன்.

"மாடுதான் கேறியிருக்கும். சொப்பனத்துல நீ அதைப் புலியாக்கிட்டே, கேட்டியா?" என்று சிரித்தார்.

"ஈரக்குளம்பு பட்ட சுவடே இல்லையேன்னா" என்றேன். அவர் கொல்லைக் கதவைப் பார்த்தார். தாழ் போட்டபடியே இருந்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் சீனக்காரி வந்தாள். நான் துணியைத் திருப்பிப் போட்டதை ஒளிக்காமல் சொன்னேன், வந்ததையும் சொன்னேன்.

"கொல்லை வழியாப் போச்சோ?"

"தெரியவில்லை. கதவு சாத்தியிருந்தது."

அவள் துணியை மடித்தாள். உள்ளே எட்டிக் கூடத்தைப் பார்த்தாள், படியேறவில்லை. நான் கொடுத்த பட்சணத்தையும் வாங்காமல் போய்விட்டாள். யுத்தம் வந்த பிறகு அவளை இந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

மூத்தவளுக்கு இப்போது நான்கு வயது முடிந்துவிட்டது, ஒரு தலைவலி கூட வந்ததில்லை. கூடத்தில் ஓடும்போது தூணுக்குப் பக்கத்தில் மட்டும் ஒதுங்கி, வளைந்து ஓடுவாள். குழந்தைகளுக்கு ஆயிரம் விளையாட்டு என்று விட்டுவிட்டேன். சின்னவன் போன வாரம்தான் தவழ ஆரம்பித்தான். நேற்று அவனைக் கூடத்து நடுவே விட்டேன். தூண் வரை நேராக வந்தவன் அங்கே நின்று, நிமிர்ந்து எதையோ பார்த்தான். பிறகு அவனும் வளைந்து போனான்.